டோங்கரிரோ எரிமலைப் பாதையில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்துக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் டோங்கரிரோ ஆல்பைன் கிராசிங் என்ற ஒரு நாள் நடைப்பாதை பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல முடியும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது பார்த்துவிட்டு டிக் அடிக்கும் சுற்றுலா இடமல்ல. இன்னும் அடங்காத எரிமலை. அதோடு ஒரு மக்களின் மூதாதையும்கூட. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் போகிறவர்களுக்கு அந்த நாள் நல்லபடியாக அமைகிறது.

இந்தப் பாதை எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவின் நடுவில், டோங்கரிரோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதை. சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேராது. பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் ஆகும்.

பூங்காவில் மூன்று எரிமலைகள் அருகருகே நிற்கின்றன. டோங்கரிரோ, அதன் தோளில் முளைத்த கூம்பான ஙாவுருஹோயே, தெற்கே பனி மூடிய ருவாபேஹு. ருவாபேஹு 2,797 மீட்டர். வடக்குத் தீவிலேயே உயரமானது அதுதான். பாதை முதல் இரண்டுக்கும் இடையில் ஏறி, டோங்கரிரோவின் மேல்பகுதியைக் கடந்து வடக்குச் சரிவில் இறங்குகிறது.

தினமும் வாக்கிங் போகிறேன், போதுமா?

போதாது. தட்டையான தரையில் எட்டு கிலோமீட்டர் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. மங்கடெபோபோ பக்கத்துத் தொடக்கம் சுமார் 1,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சியான சிவப்பு எரிமலைவாய் 1,886 மீட்டர். அங்கிருந்து முடிவிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, அதற்குத் தயாராகவும் வருகிறார்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இரண்டு மாதம் முன்பே தொடங்கி, வாரம் இரண்டு மூன்று முறை படிக்கட்டு ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். முதுகில் நீங்கள் கொண்டுபோகப் போகும் அதே பையைப் போட்டுக்கொண்டு, ஒரு முறையாவது ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து மேடுபள்ளத்தில் நடந்து பாருங்கள். அதற்கு மறுநாள் சாதாரணமாக எழுந்து நடமாட முடிந்தால் நீங்கள் தயார். மலையேற்ற நுட்பம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோடைக்காலத்தில் கயிறோ கொக்கியோ தேவைப்படாது.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

நடந்து பழகிய பத்து வயதுப் பிள்ளை தாராளமாக வரும். அறுபதைத் தாண்டியவர்கள் பலர் என்னைவிட வேகமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். வயதைவிட ஒரு விஷயம் முக்கியம்: பாதி வழியில் "என்னால் முடியவில்லை" என்று யாராவது உட்கார்ந்தால், முன்னாலும் பின்னாலும் பத்து பத்து கிலோமீட்டர், நடுவில் வண்டி வரும் வழி எதுவும் கிடையாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மேலே காற்றில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

தென் அரைக்கோளம் என்பதால் அங்கே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் கோடை. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை நடைக்கான பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். அக்டோபர், நவம்பரில் மேலே பனி மிச்சமிருக்கலாம். எனக்குப் பிடித்தது பிப்ரவரி முடிவும் மார்ச்சும்: கூட்டம் குறையும், பகல் இன்னும் நீளமாகவே இருக்கும்.

குளிர்காலத்தில் அதே பாதை வேறொரு மலையாகிவிடும். உறைபனி, பனிச்சரிவு அபாயம், சீக்கிரம் இருட்டும் பகல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஐஸ் கோடரியும் ஷூவில் மாட்டும் முள்பட்டையும் பழக்கமில்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் அப்போது போகக் கூடாது. மற்றபடி கோடையிலும் பனி கொட்டலாம், மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கலாம். 2007-ல் இந்தப் பாதையின் பெயரில் 'ஆல்பைன்' என்ற சொல்லைச் சேர்த்ததே, இது உயர்மலைப் பாதை என்பது வருகிறவர்களுக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எந்த முனையில் தொடங்குவது? வண்டிக்கு என்ன செய்வது?

மங்கடெபோபோவில் தொடங்கி கெடெடாஹியில் முடியுங்கள். கெடெடாஹி முனை சுமார் 360 மீட்டர் தாழ்வாக இருப்பதால் ஏற்றம் அவ்வளவு மிச்சம்.

பருவகாலத்தில் மங்கடெபோபோ கார் பார்க்கிங்கில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டியை விட அனுமதி இல்லை. அந்த நேரத்துக்குள் முழுப் பாதையையும் யாரும் முடிக்க முடியாது. ஆகவே ஷட்டில் பஸ்தான் வழி. சொந்த வண்டியில் வருகிறவர்கள் முடிவிடத்துக்குப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டுக் காலை ஷட்டிலில் தொடக்கத்துக்குப் போவது சௌகரியம். அப்படிச் செய்தால் மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. கால் களைத்த பிறகு ஓடும்போதுதான் கணுக்கால் மடங்குகிறது. நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. பூங்காவைப் பராமரிக்கும் இயற்கைப் பாதுகாப்புத் துறை, போகும் நாளை முன்கூட்டியே இலவசமாகப் பதிவு செய்யச் சொல்கிறது, செய்துவிடுங்கள்.

பாதை எப்படி இருக்கும்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

முதல் ஒரு மணி நேரம் மங்கடெபோபோ பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் பனியாறு செதுக்கிய அகன்ற பள்ளம். மரப்பலகைப் பாதையும் சரளையுமாக மெதுவாக ஏறும். இங்கே வேகமாக நடந்து தள்ளிவிடத் தோன்றும், வேண்டாம். வலது கைப்பக்கம் ஙாவுருஹோயேயிலிருந்து இறங்கிய லாவா ஓட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். 1870, 1949, 1954 என்று வெவ்வேறு வெடிப்புகளில் வழிந்தவை. ஒரு பாறைக்கு அருகில் குனிந்து பாருங்கள். பழைய ஓட்டத்தின் மேல் சாம்பல் நிறப் பாசியும், காய்ந்த பொருக்கு மாதிரி வெளுத்த லைக்கனும் ஒட்டியிருக்கும். அதன் இடுக்கில் விரல்நுனி அளவு மண் சேர்ந்து, அதில் ஒரு புல் முளைத்திருக்கும். 1954-ன் ஓட்டமோ இன்னும் கறுப்பாக, முனை மழுங்காமல், கையை வைத்தால் கீறும் கூர்மையோடு இருக்கும். நிறத்தைப் பார்த்தே எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம். பாறை மண்ணாவதற்கு எத்தனை காலம் ஆகிறது என்பதை இவ்வளவு அருகில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் சோடா ஊற்று. அங்கிருந்து கடுமையான படியேற்றம் தொடங்குகிறது. இதற்குச் 'சாத்தான் படிக்கட்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மரப்படிகள் போட்டிருக்கிறார்கள், பெயர் மிரட்டும் அளவுக்கு மோசமில்லை. நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடலாம். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே, தூரத்தில் டாரனாக்கி எரிமலை தெரியும்.

மேலே வந்ததும் திடீரென்று சமதளம். தெற்கு எரிமலைவாய் என்று பலகை சொல்லும். உண்மையில் இது எரிமலைவாய் அல்ல. சுற்றியுள்ள எரிமலைக் கூம்புகளுக்கு நடுவே நீரும் வண்டலும் சேர்ந்து நிரம்பிய தாழ்நிலம். மூடுபனி இறங்கிவிட்டால் இங்கே திசை பிடிபடாது. நட்டிருக்கும் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நடங்கள். அடுத்த கம்பம் கண்ணில் படாவிட்டால் நின்றுவிடுங்கள்.

அப்புறம் குறுகலான முகட்டு ஏற்றம். இருபுறமும் சரிவு, காற்று பக்கவாட்டில் தள்ளும். இதை ஏறி முடித்தால் சிவப்பு எரிமலைவாய், பாதையின் உச்சி. அங்கே ஓரமாக உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில இடங்களில் மண் வெதுவெதுப்பாக இருக்கும். கல்லிடுக்குகளிலிருந்து மெல்லிய நீராவி வரும், கந்தக வாடை மூக்கில் ஏறும்.

அதற்கடுத்த இருபது முப்பது நிமிடம்தான் பாதையிலேயே அதிகம் பேர் விழுகிற பகுதி. மரகத ஏரிகளை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் தளர்ந்த சரளைச் சரிவு. கோலிக்குண்டுகளைக் கொட்டிய தரையில் நடப்பது போல் கால் வழுக்கும். உடம்பைப் பின்னால் சாய்த்தால் உட்கார்ந்தபடியே சறுக்குவீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையை முன்னால் கொண்டுவந்து, குதிகாலை மண்ணில் குத்திக் குத்திச் சின்ன அடிகளாக இறங்குங்கள். மண் உங்களோடு சேர்ந்து சற்றுச் சரியும், சரியட்டும். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடைவெளி இருக்கட்டும். நடைக்குச்சி இருந்தால் இங்கேதான் அது பேருதவி.

ஏரிகளைத் தாண்டி இன்னொரு சமதளம், ஒரு சிறு ஏற்றம், நீல ஏரி. பிறகு வடக்குச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் நீண்ட பாதை. எதிரே ரோட்டோஐரா ஏரியும் அதற்கப்பால் டௌபோ ஏரியும் தெரியும். கடைசியில் புல்வெளி முடிந்து சட்டென்று அடர்ந்த காட்டுக்குள் நுழைவீர்கள். நாள் முழுக்க ஒரு மரம்கூட இல்லாமல் நடந்த கண்ணுக்கு அந்தப் பச்சை பெரிய ஆறுதல். காட்டுக்குள் ஒரு பகுதியில் 'இங்கே நிற்க வேண்டாம்' என்று அறிவிப்பு இருக்கும். மேலேயிருந்து எரிமலைச் சேறு பாய்ந்து வரக்கூடிய ஓடைக்கரை அது. இளைப்பாற வேண்டுமானால் அதைத் தாண்டிய பிறகு உட்காருங்கள்.

அந்த எரிமலைவாய் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது?

பாறையிலுள்ள இரும்பு, வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவேறியதால். எதிர்ச்சுவரில் ஒரு விசித்திரம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். உருகிய பாறை மேலேறி வந்த பிளவு ஒன்று அங்கே வெட்டுத் தோற்றமாகத் தெரிகிறது. ஓரங்கள் குளிர்ந்து இறுகிவிட, நடுவில் இருந்த குழம்பு வடிந்து போய்விட்டது. கூடு மட்டும் மிச்சம். எரிமலை எப்படி வேலை செய்கிறது என்பதை நூறு படங்களைவிட அந்த ஒரு வெற்றுக்கூடு தெளிவாகக் காட்டும்.

ஏரிகளுக்கு அந்த நிறம் எங்கிருந்து வருகிறது?

மரகத ஏரிகள் பழைய வெடிப்புக் குழிகளில் நீர் தேங்கி உண்டானவை. சிவப்பு எரிமலைவாயைச் சுற்றியுள்ள வெந்த நிலத்திலிருந்து கனிமங்கள் கரைந்து வந்து சேர்வதால் நீரில் பச்சையும் நீலமுமாக நிறம் ஏறுகிறது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு குழிக்கும் வெவ்வேறு சாயல். கரையோரம் மஞ்சளும் வெளிர்பழுப்புமாகப் படிந்திருப்பதையும் கவனியுங்கள். மேகம் மூடினால் நிறம் மங்கும். பத்து நிமிடம் காத்திருந்தால் வெயில் வரலாம். காத்திருங்கள், அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது. நீல ஏரி இவற்றைவிடப் பெரியது, குளிர்ந்தது, அமிலத்தன்மை உடையது.

ஏரியில் கால் நனைக்கலாமா? ஙாவுருஹோயே உச்சிக்கு ஏறலாமா?

இரண்டும் வேண்டாம். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்த மலைகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஙாட்டி டூஃபாரெடோவா என்ற பிரிவு மக்களுக்கு உயிருள்ள மூதாதையர். அவர்களின் தலைவரான நான்காம் டெ ஹெயுஹெயு டூகினோ, ஹொரோனுகு என்றும் அழைக்கப்பட்டவர், 1887 செப்டம்பரில் இந்தச் சிகரங்களை அரசிடம் ஒப்படைத்தார். நிலம் துண்டு துண்டாக விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மலை யாருக்கும் தனிச்சொத்தாகிவிடாமல் எல்லோருக்குமாகக் காக்கப்பட வேண்டும் என்று எடுத்த முடிவு. அதிலிருந்து பிறந்ததுதான் நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா. 1990-ல் இயற்கைச் சிறப்புக்காக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 1993-ல் இந்த மக்களுக்கும் மலைக்கும் உள்ள உறவுக்காக, பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில் உலகிலேயே முதலாவதாக அங்கீகாரம் பெற்றது.

அவர்களின் தொன்மம் ஒன்றை நடக்கும்போது நினைத்துக்கொள்வேன். ஙாடோரோஇராங்கி என்ற மூதாதை இந்த மலைமேல் ஏறியபோது குளிரில் உயிர் போகும் நிலை வந்தது. தொலைவில், ஹவாய்க்கி என்ற பூர்விக மண்ணில் இருந்த சகோதரிகளைக் கூவி அழைத்து நெருப்புக் கேட்டார். நெருப்பு நிலத்துக்கடியில் வந்தது. வழியில் ஃபகாரி தீவிலும் ரோட்டோருவாவிலும் டௌபோவிலும் தலைகாட்டி, கடைசியில் டோங்கரிரோவில் வெளிப்பட்டது. புவியியல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பசிபிக் புவித்தட்டு ஆஸ்திரேலியப் புவித்தட்டுக்கு அடியில் புதைவதால் உண்டான டௌபோ எரிமலை மண்டலம் ஃபகாரியில் தொடங்கி, ரோட்டோருவா, டௌபோ வழியாக இங்கேதான் வருகிறது. அந்த மக்கள் தங்கள் நிலத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

சிகரங்களும் ஏரிகளும் அவர்களுக்குப் புனிதம். ஏரி நீரைத் தொட வேண்டாம், கரையில் சாப்பிட வேண்டாம், உச்சிகளுக்கு ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். முன்பு உச்சிக்கு வழிகாட்டிய பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். சட்டம் தடுக்கிறதா என்று ஆராய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீட்டுக்காரர் 'இந்த அறைக்குள் வேண்டாம்' என்று பணிவாகச் சொன்னால் நாம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொள்வோம். பாதையிலிருந்தே அந்தக் கூம்பு முழுமையாகத் தெரிகிறது. கெடெடாஹி வெந்நீர் ஊற்றுகளும் அப்படித்தான். அவை மாவோரிகளின் சொந்த நிலத்தில் உள்ளன, அங்கே போக வழியில்லை. கல்லோ மண்ணோ எடுத்து வருவதும் கூடாது. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். கொண்டுபோகாமல் இருப்பதே மேல்.

நாம் நடக்கும்போது எரிமலை வெடித்தால்?

நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. டோங்கரிரோ எரிமலைத் தொகுதிக்கு வயது 2,75,000 ஆண்டுகளுக்கு மேல். ஙாவுருஹோயே அதன் கடைக்குட்டி, சுமார் 2,500 ஆண்டுகள்தான். கடைசியாக வெடித்தது 1977-ல். பாதையின் வடக்குப் பக்கத்தில் உள்ள டெ மாரி எரிமலைவாய் 1897-க்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் அமைதியாக இருந்தது. 2012 ஜூலையில் அதன் அடியில் சிறு நிலநடுக்கங்கள் கூடின. எச்சரிக்கை நிலையை 0-லிருந்து 1-க்கு உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 6 நள்ளிரவு நெருங்கும்போது வெடித்தது. பாறைகள் இரண்டு கிலோமீட்டர் வரை பறந்தன. ஒன்று கெடெடாஹி குடிலின் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அன்றிரவு அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. நவம்பர் 21-ல் மறுபடி ஒரு வெடிப்பு, இம்முறை பட்டப்பகலில், முன்னறிவிப்பு இல்லாமல். பாதையில் பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் இருந்தார்கள். இரண்டு முறையும் யாருக்கும் காயமில்லை. 2013-ல்தான் முழுப் பாதையும் திரும்பத் திறந்தது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் ஜியோநெட் என்ற அமைப்பு இந்த மலைகளை இரவுபகலாகக் கண்காணிக்கிறது. எச்சரிக்கை நிலை 0 முதல் 5 வரை. புறப்படும் முன்தினமும் அன்று காலையும் அதைப் பார்த்துவிடுங்கள். பாதையில் மின்விளக்கு அறிவிப்புகள் இருக்கின்றன. சிவப்பு மின்னினால் கேள்வி கேட்காமல் திரும்புங்கள். நிலை 0 என்றாலும் ஆபத்து அறவே இல்லை என்று பொருளல்ல.

உண்மையிலேயே வெடித்தால், முதலில் பறந்து வரும் பாறைகளைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓடாதீர்கள். பெரிய பாறைக்குப் பின்னால் ஒண்டி, பையால் தலையை மறையுங்கள். கல்மழை நின்றதும் எரிமலைவாயிலிருந்து விலகிப் போங்கள். பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் இறங்காதீர்கள். சேறும் சூடான புகையும் அங்கேதான் முதலில் பாயும். சாம்பல் விழுந்தால் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் வாயுத் துளைகளுக்கு அருகே நிற்காமல் கடந்துவிடுவது நல்லது.

பையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்?

தண்ணீர் முதலில். வழியில் குடிநீர் கிடைக்காது. ஓடைகளிலும் ஏரிகளிலும் கனிமம் கலந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் நாளில் மூன்று. கடையும் கிடையாது, நிழலும் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. கொண்டுபோனதெல்லாம் திரும்பி வர வேண்டும்.

உடை அடுக்கடுக்காக இருக்கட்டும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் கதகதப்புக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. முகட்டுக் காற்றில் உடல் சூடு அப்படியே இறங்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக்கணக்கு. காற்று அதைவிட அதிகமாகக் குளிரை ஏற்றும். ஜனவரியிலும் தொப்பியும் கையுறையும் எடுத்துப் போங்கள்.

வெயிலைக் குறைவாக எடைபோடாதீர்கள். நியூசிலாந்தில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை மறந்தால் மாலையில் காதுமடல் எரியும். தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், சார்ஜ் போட்ட போன், பாதையின் வரைபடம், தேவைப்படும் என்று நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான சாப்பாடு, இவையும் பையில் இருக்கட்டும்.

கழிப்பறை தொடக்கத்திலும் சோடா ஊற்றிலும் இருக்கிறது. அங்கே போய்விட்டு ஏறுங்கள். அதில் டாய்லெட் பேப்பர் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஷூ எப்படி இருக்க வேண்டும்?

அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும், ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ. புத்தம் புதியதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கணுக்கால் வரை உயர்ந்தது சரளைச் சரிவில் உதவும். கற்கள் உள்ளே புகாமல் காலைச் சுற்றிக் கட்டும் உறை இருந்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். நியூசிலாந்து விமான நிலையத்தில் பயன்படுத்திய மலையேற்றக் கருவிகளை அறிவிப்புப் படிவத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணில் விதையோ நோய்க்கிருமியோ வந்துவிடும் என்பதுதான் காரணம். சொல்லாமல் மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். புறப்படும் முன் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

இது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் மங்கடெபோபோ பக்கம் செல்லும்போது சுற்றிப் பாருங்கள். கோடை முடிவில் ஊதாப்பூ பூத்துக் கிடக்கும். அழகாகத்தான் இருக்கும். அது ஹெதர், இந்த மண்ணின் செடியல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் க்ரௌஸ் என்ற பறவையைக் கொண்டுவந்து வேட்டையாட வேண்டும் என்ற ஆசையில் விதைத்தார்கள். பறவை தங்கவில்லை, செடி தங்கிவிட்டது. பூர்விகப் புல்வெளியை இன்றும் அது விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தின்னும் வண்டுகளை 1996-லிருந்து விட்டுப் பார்க்கிறார்கள்.

பாதி வழியில் வானிலை கெட்டால் தொடர்வதா, திரும்புவதா?

தெற்கு எரிமலைவாய்ச் சமதளத்துக்கு வந்ததும் ஒரு முறை நின்று முடிவெடுங்கள். முகடு மேகத்தில் மறைந்திருக்கிறதா? நிற்கும்போதே காற்று ஆளைத் தள்ளுகிறதா? கூட வந்தவர்களில் யாராவது நடுங்குகிறார்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அங்கேயே திரும்பிவிடலாம். அதற்கு மேல் போனபின் திரும்புவது, அந்தச் சரளைச் சரிவில் ஏறி வருவதாக ஆகிவிடும். ஷட்டில்காரர்கள் காலையிலேயே "இன்று வண்டி இல்லை" என்றால் வாதாடாதீர்கள். அந்த மலையின் காற்றை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

விமான டிக்கெட் போட்டாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற எண்ணம்தான் இங்கே பெரிய அபாயம். அந்தச் செலவு மலைக்குத் தெரியாது.

நடக்க முடியாமல் போனால் அந்த நாளை என்ன செய்வது?

ஃபாகபாப்பா கிராமத்திலிருந்து டாரனாக்கி அருவிக்குச் சுற்றி வரும் சுமார் 6 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. இரண்டு மணி நேரம். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் ருவாபேஹுவிலிருந்து வழிந்த லாவா ஓட்டத்தின் விளிம்பிலிருந்து 20 மீட்டர் கீழே நீர் விழுகிறது. மழையில்தான் அது இன்னும் அழகு. மழை இல்லாமல் முகட்டில் மட்டும் காற்று என்றால் டாமா ஏரிகள் வரை போய்த் திரும்பலாம். 17 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். கூட்டமே இருக்காது. எனக்கு ஒருவிதத்தில் அந்தப் பாதை கிராசிங்குக்குக் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

போன் சிக்னல் கிடைக்குமா? அவசரத்துக்கு யாரை அழைப்பது?

சில இடங்களில் கிடைக்கும், பள்ளங்களில் கிடைக்காது. அவசர எண் 111. தனியாகப் போகிறவர்கள் இருப்பிடம் காட்டும் அவசரக் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவரிடம் சொல்லவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வீணாகத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கே தங்குவது? எத்தனை நாள் ஒதுக்குவது?

நேஷனல் பார்க் என்றே பெயருள்ள கிராமம், ஃபாகபாப்பா, டூராங்கி, ஒஹாகுனே எல்லாமே பக்கம். ஆக்லாந்திலிருந்தோ வெலிங்டனிலிருந்தோ காரில் நாலு நாலரை மணி நேரம். இரு நகரங்களுக்கும் இடையே ஓடும் நார்தர்ன் எக்ஸ்புளோரர் ரயில் நேஷனல் பார்க் கிராமத்தில் நிற்கிறது. அது தினசரி ரயில் அல்ல என்பதால் நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

நடை ஒரு நாள்தான் என்றாலும் மூன்று இரவுகள் தங்கும்படி வாருங்கள். முதல் நாள் காற்று அடித்தால் இரண்டாம் நாள் போகலாம், அதுவும் சரியில்லை என்றால் மூன்றாம் நாள். வானிலை முன்னறிவிப்பில் மூன்றில் சிறந்த நாளைத் தேர்ந்தெடுத்து ஷட்டிலை அதற்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நடந்து முடித்த மறுநாள் காலையில் நீண்ட தூரம் கார் ஓட்டும் திட்டம் வேண்டாம். தொடையும் கெண்டைக்காலும் பிரேக்கை மிதிக்க ஒத்துழைக்காது.